நாய் போட்டிருக்கும் வரை சட்டை

மனைவி கோரா இறந்ததற்கும் துப்பாக்கிக்கும் தொடர்பில்லை. இதை வெஸ் டாக்கெட் பலரிடம் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் துப்பாக்கிக் கடை லோனியிடம். பிறகு தொலைபேசியில் ஒரு பெண்ணிடம். அதன் பிறகு எது என்ன துப்பாக்கி என்று முடிவு செய்யும் அரசாங்க வகைப்பாட்டு அலுவலகத்தில், மேசைக்கு மேசை. சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது மூளையில் ஒரு நாளம் வெடித்தது, அவ்வளவுதான் என்றான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு, "சரி, அப்போ துப்பாக்கி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்கள்.

துப்பாக்கி அலமாரியின் மேல்தட்டில் தொப்பி போட்டுக்கொண்டு இருந்தது.

வெஸ்ஸுக்கு மின்நிலையத்தில் இரவு வேலை. ஒரு வசந்த காலத்தில் யாரோ கொட்டகைப் பூட்டை உடைத்துப் புல்வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெல் ஃபோர்க் ஊரில் புல்வெட்டி களவு போனால் வேறொரு பூட்டு வாங்க மாட்டார்கள். துப்பாக்கி வாங்குவார்கள். கோராவும் வாங்கப் போனாள். அவள் நின்றால் லோனியின் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் தலை மட்டும் தெரியும்.

"உன் உயரத்துக்கு இதுதாம்மா சரி," என்று லோனி ஒரு குட்டைத் துப்பாக்கியை எடுத்து வைத்தார். "படுக்கையறை, சமையலறை, எந்த மூலையிலும் திரும்பும்."

"ஷாட்கன்னா?"

"இல்ல."

"ஷாட்கன் மாதிரியே இருக்கே."

"ஷாட்கன் தோட்டாதான் போடணும். ஷாட்கன் மாதிரிதான் வெடிக்கும். முன்பிடிய இழுத்துத் தள்ளினா வர்ற சத்தமும் அதேதான், அந்தச் சத்தத்துக்கே பாதித் திருடன் ஓடிடுவான். ஆனா சட்டப்படி ஷாட்கன் இல்ல."

"அப்ப என்ன?"

"ஒண்ணும் இல்ல," என்றார் லோனி பெருமையாக. "ஷாட்கன்னா தோள்ல வெச்சு சுடறதுக்குன்னு செஞ்சிருக்கணும். இதுக்குத் தோள்கட்டையே கிடையாது பாரு. கிளி மூக்கு மாதிரி ஒரு பிடி, அவ்வளவுதான். தோள்கட்டை இருந்து, குழல் பதினெட்டு அங்குலத்துக்குக் கம்மியா இருந்தா ஜெயில். இதோட குழல் பதினாலு. ஆனா கட்டை இல்லாம, மொத்த நீளம் இருபத்தாறு அங்குலத்தத் தாண்டிட்டா நீ நல்ல குடிமகள்."

"இது எவ்வளவு நீளம்?"

"இருபத்தாறே கால். அந்தக் கால் அங்குலத்துலதான்மா நாம எல்லாரும் பொழைக்கிறோம்."

கடைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் கோரா ஒரே ஒரு முறை சுட்டாள். துப்பாக்கி கையை விட்டுத் துள்ளி வந்து உதட்டில் இடித்தது. அவள் கத்தவில்லை. கைக்குட்டையால் உதட்டை அழுத்திக்கொண்டு காரில் ஏறினாள். பாதி வழியில், "அதுக்கு ஒரு தொப்பி வேணும்," என்றாள்.

அவள் எல்லாவற்றுக்கும் பின்னுவாள். தேநீர்க் குடுவைக்கு, காரின் கியர்த் தடிக்கு, வீட்டு வாசல் தபால்பெட்டிக்கு. கிரேவி என்ற நாய்க்கு ஒரு சட்டை. கிரேவி டாஷண்ட் வகை, நீளமான உடம்பும் பெயருக்கு நான்கு கால்களும். மிச்சமிருந்த மஞ்சளும் நீலமுமான கம்பளியில் துப்பாக்கிப் பிடியின் முனைக்கு ஓர் உறை பின்னினாள். பழைய சோபாவின் பஞ்சை உள்ளே அடைத்தாள். "பாவம், மொட்டையா இருந்துச்சு," என்றாள். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியை யாரும் சுடவில்லை.

பிப்ரவரியில் அவள் போனாள். ஊரார் கண்ணாடித் தட்டுகளில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட நூடுல்ஸ் கொண்டுவந்து குளிர்பெட்டியை நிரப்பினார்கள். வெஸ்ஸால் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடியது. எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தான், மூடினான். அறைக்கு அறை நடந்தான். கிரேவியும் பின்னால் நடந்தது. வீட்டில் வேண்டாதவற்றை வெளியேற்றினால் கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியது. முதலில் துப்பாக்கி.

உறையைக் கழற்ற மனம் வரவில்லை. அப்படியே கடைக்குக் கொண்டுபோனான்.

லோனி அதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"அத என் மேசை மேல வெக்காத."

"உங்ககிட்ட வாங்கினதுதான்."

"நான் வித்தது மொட்டையா இருந்துச்சு. அது என்ன முனையில?"

"கம்பளி."

"உள்ள?"

"பஞ்சு."

கடையில் எப்போதும் காப்பிக் குவளையோடு உட்கார்ந்திருக்கும் ஹேஸ்கல், தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எட்டிப் பார்த்தார். "தோள்கட்டைடா லோனி," என்றார் ரசித்து. "மெத்துன்னு ஒரு தோள்கட்டை. பத்து வருஷம் ஜெயில்."

"சும்மா இரு, ஹேஸ்கல்."

"தலைகாணி வெச்சு தோள்ல சாய்க்கிற மாதிரி செஞ்சிருக்கு அந்தப் பொண்ணு. பதினாலு அங்குலக் குழல். பத்து வருஷமும் அபராதமும்."

"அவ தோள்ல வெக்கலை," என்றான் வெஸ். "அவ இறந்ததுக்கும் இதுக்கும்..."

"தெரியும்பா. என் பொண்டாட்டிதான் உனக்கு டியூனா மீன் போட்ட நூடுல்ஸ் குடுத்தனுப்பினா," என்றார் லோனி. குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தம்பி. ஒரு தரம் தோள்கட்டை ஏறிட்டா அது ஷாட்கன். கழட்டினாலும் ஷாட்கன்தான், குட்டை ஷாட்கன். நான் தொட்டேன்னா என் கடைக்குப் பூட்டு. ஆனா கட்டை ஏறவே இல்லைன்னா ஒரு வம்பும் இல்ல. பின்பக்கம் குப்பை எரிக்கிற பீப்பாய் இருக்கு. நீ போய்ட்டு வா. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். அந்த உறை இருந்ததே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, துப்பாக்கிய இப்பவே எடுத்துக்கறேன்."

வெஸ் உறையைப் பார்த்தான். ஒரு பக்கம் நீலம் தீர்ந்துபோய் அவள் மஞ்சளிலேயே முடித்திருந்தாள்.

"இருந்துச்சு," என்றான்.

"சொல்றதுல என்ன இருக்கு?"

"இருந்துச்சு, லோனி. எனக்கு உறைதான் வேணும். துப்பாக்கி வேணாம்."

ஹேஸ்கல் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப வகைப்பாட்டு ஆபீஸ்லதான் கேக்கணும்," என்றார்.

அது கேலி. அந்தக் கடையில் எல்லாரும் வாரம் ஒருமுறையாவது சொல்லிச் சிரிக்கும் கேலி. பெல் ஃபோர்க்கில் வகைப்பாட்டு அலுவலகத்தைத் தானாகக் கூப்பிட்டுக் கேட்டவன் அதுவரை ஒருவனும் இல்லை. வெஸ் வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் கூப்பிட்டான்.

*

அலுவலகம் கிழக்கே மலைப்பக்கம் இருந்தது. ஓட்டிக்கொண்டே இருப்பது உட்கார்ந்திருப்பதைவிட வெஸ்ஸுக்குச் சுலபமாக இருந்தது. விட்டுவிட்டு வர ஆளில்லாததால் கிரேவியும் பக்கத்து இருக்கையில் வந்தது. மலையில் குளிர். அதற்குக் கோரா பின்னிய சட்டையைப் போட்டுவிட்டிருந்தான்.

வாசலில் பெரிய பலகை. உள்ளே துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. காவலாளி வெஸ்ஸின் கைப்பெட்டியைப் பார்த்தார்.

"உள்ள என்ன சார்?"

"துப்பாக்கி."

"அனுமதி இல்ல."

"இவங்கதான் கொண்டு வரச் சொன்னாங்க. வகைப்படுத்தணுமாம்."

"இன்னும் வகைப்படுத்தலையா?"

"இல்ல."

காவலாளியின் முகம் தெளிந்தது. "அப்ப அது இன்னும் துப்பாக்கி இல்ல சார். தாராளமா போங்க." கிரேவியைக் குனிந்து பார்த்தார். "நாய்?"

"நாய்தான்."

"அது பாத்தாலே தெரியுது," என்று கதவைத் திறந்துவிட்டார்.

கூடத்தின் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள், அலுவலகத்தின் வெற்றிகள். ஒரு கைத்தடி. ஒரு குடை. பாதி தின்ற ஒரு ரொட்டித் துண்டு, துப்பாக்கி வடிவத்தில். ஒவ்வொன்றின் கீழும் அது என்னவாக முடிவாயிற்று என்று எழுதியிருந்தது. ரொட்டித் துண்டின் கீழே 'பரிசீலனையில்' என்றிருந்தது. அதில் பூஞ்சை பூத்திருந்தது.

அளவைப் பிரிவில் கேண்டி என்ற ஒல்லியான மனிதர் வெள்ளைக் கையுறையோடு வந்தார். குழலின் வாயில் ஒரு மரக்குச்சியை விட்டார். குச்சி அடியைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கும் மருத்துவர் போலிருந்தது.

"பதினாலு," என்றார். "சுத்தமான பதினாலு."

அடுத்தது மொத்த நீளம். உறையில்லாமல் இருபத்தாறே கால். உறையோடு இருபத்தேழரை. கேண்டி உறையை விரலால் அழுத்தினார். இருபத்தாறேமுக்கால். விட்டார். இருபத்தேழு. கம்பளி பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

"இது மாறுது," என்றார் கலவரமாக.

"கம்பளி அப்படித்தான்," என்றான் வெஸ்.

"எஃகு மாறாது. மரம் கொஞ்சம் மாறும், அதுக்கு அட்டவணை இருக்கு. கம்பளிக்கு அட்டவணை இல்ல, மிஸ்டர் டாக்கெட். துவைச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"துவைச்சா சுருங்குமா?"

"சுருங்கும்."

"அப்ப இந்தப் பொருள் எந்த நாளைக்கு எந்தப் பொருள்னே சொல்ல முடியாது." கேண்டி கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி நிலையில்லாத ஒரு பொருள நான் பாத்ததில்ல."

வெஸ்ஸுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் நின்றான். சன்னல் வரை போனான், திரும்பினான். கிரேவியும் போனது, திரும்பியது.

*

நோக்கப் பிரிவு இரண்டாம் மாடியில். மிஸ் ஸ்டிக்லி என்ற நடுவயதுப் பெண் அதை நடத்தினார். கனிவான குரல். துப்பாக்கி என்பது இரும்பில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது என்று தொடங்கினார்.

"தோள்ல வெக்கணும்ங்கற நோக்கத்தோட செஞ்சிருந்தா அது தோள்கட்டை. அந்த நோக்கம் இல்லைன்னா அலங்காரம். உங்க மனைவி இதைத் தோள்ல வெச்சதுண்டா?"

"இல்ல."

"வெக்கணும்னு நெனைச்சதுண்டா?"

"தெரியல."

"கேட்டுச் சொல்ல முடியுமா?"

"இறந்துட்டா."

"ஆமா, குறிச்சிருக்கேன். வருந்தறோம்." அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "நீங்க கணவர். அவங்க என்ன நெனைப்பாங்கன்னு பொதுவா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

வெஸ் யோசித்தான். கண்ணாடி வழியாக வாகனங்கள் நிறுத்துமிடம் தெரிந்தது. அந்தக் கடைசி நாளில் கோரா காப்பி போட்டுக்கொண்டே எதையோ சொல்ல ஆரம்பித்தாள். "வெஸ், உனக்கு ஞாபகமிருக்கா," என்பது வரை சொன்னாள். எது ஞாபகமிருக்கிறதா என்று அவன் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறான்.

"தெரியாது," என்றான்.

"கணவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் மிஸ் ஸ்டிக்லி குறைசொல்லும் தொனியில்லாமல். "அதனாலதான் எங்களுக்கு ஒரு முறை இருக்கு."

முறை, சக்கரம் வைத்த மேடையில் வந்தது. துணிக்கடைப் பொம்மை. அதன் உயரத்தைத் திருகிக் குறைக்கலாம். மிஸ் ஸ்டிக்லி கோராவின் ஓட்டுநர் உரிமத்திலிருந்த உயரத்துக்கு அதைக் குறைத்தார். எடைக்கு இடுப்பில் கொஞ்சம் துணி சுற்றினார். கேண்டி அதன் கைகளில் துப்பாக்கியைப் பொருத்தினார்.

மஞ்சள் நீல உறை பொம்மையின் இடுப்பில் போய் இடித்தது.

"இடுப்பு," என்றார் கேண்டி.

"சட்டத்துல இடுப்பு இல்ல," என்றார் மிஸ் ஸ்டிக்லி. "கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினார்கள். உறை விலாவைத் தொட்டது. இன்னும் தூக்கினார்கள். பொம்மையின் கை கழன்று விழுந்தது. கேண்டி குனிந்து அதை எடுத்து மாட்டினார்.

"தோளுக்கு வரமாட்டேங்குது."

"படுத்துக்கிட்டே சுட்டாங்கன்னா? வீட்டுப் பாதுகாப்புங்கறது படுக்கையிலதான் பெரும்பாலும் தேவைப்படுது."

பொம்மையைப் படுக்க வைத்தார்கள். கேண்டி மேசை விரிப்பை மடித்து அதன் தலைக்கு வைத்தார். மேடையைத் தள்ளிவந்த ஊழியர், நல்ல மனத்தோடுதான் போலிருக்கிறது, அதன் கண்களுக்கு மேல் கையை வைத்து மூடப் பார்த்தார். பொம்மைக்கு இமை இல்லை.

வெஸ் வெளியே போய்விட்டான். நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். திரும்பி வந்தபோது பொம்மை நின்றுகொண்டிருந்தது. மிஸ் ஸ்டிக்லியும் கேண்டியும் பொம்மையைப் பார்க்கவில்லை. கிரேவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ்டர் டாக்கெட்," என்றார் மிஸ் ஸ்டிக்லி, "நாய் போட்டிருக்கறதும் அதே கம்பளியா?"

"ஆமா. அவதான் பின்னினா."

"நாய் குழாய் வடிவத்துல இருக்கு," என்றார் கேண்டி மெதுவாக.

"டாஷண்ட்."

"சட்டையும் குழாய் வடிவத்துல இருக்கு."

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கிரேவி நடுங்கியது. கேண்டி சட்டையைத் துப்பாக்கிப் பிடியில் மாட்டினார். கால் நுழையும் ஓட்டையில் பிடியின் வளைவு அழகாகப் போய் உட்கார்ந்தது.

"துப்பாக்கி ஒரு வீட்டுல இருந்து, அதுல தோள்கட்டையா மாட்டக்கூடிய பொருளும் அதே வீட்டுல இருந்தா, ரெண்டும் சேர்ந்த மாதிரிதான்," என்றார் மிஸ் ஸ்டிக்லி. "வீட்டுல வேற என்னெல்லாம் பின்னியிருக்காங்க?"

"தேநீர்க் குடுவைக்கு. தபால்பெட்டிக்கு."

கேண்டி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாய்க்குக் குளுருது," என்றான் வெஸ்.

இருவரும் மூலைக்குப் போய்ப் பேசினார்கள். மேலே யாரிடமோ தொலைபேசியில் கேட்டார்கள். ஏதோ ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்கள். கடைசியில் மிஸ் ஸ்டிக்லி முடிவைச் சொன்னார்.

"நாய் போட்டிருக்கும் வரை அது சட்டை. கழட்டினா தோள்கட்டை. அதனால நாய் அதைக் கழட்டக் கூடாது."

"நாய் எப்படிக் கழட்டும்?"

"வேற யாராவது கழட்டுவாங்களா?"

"குளிப்பாட்டும்போது நான்தான்."

மிஸ் ஸ்டிக்லி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "சட்டையோட குளிப்பாட்டுங்க, மிஸ்டர் டாக்கெட். பத்து வருஷம்ங்கறது நாயோட வாழ்நாள்."

*

இறுதி உத்தரவை இயக்குநர் கிராண்டல் தம் அறையில் வைத்து நேரில் சொல்வது வழக்கம். அகலமான மேசை. மேலே எதுவும் இல்லை, ஓர் அளவுகோல் தவிர. ஓரத்தில் துப்பாக்கியும் உறையும் தனித்தனித் தட்டில் இருந்தன.

"உக்காருங்க," என்றார்.

"நிக்கறேன் சார்."

"மக்கள் எங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க," என்று இயக்குநர் ஆரம்பித்தார். இதை அவர் பலமுறை பேசியிருக்க வேண்டும். மூச்சு விடும் இடங்கள் கச்சிதமாக இருந்தன. "ஒரு கூட்டம், நாங்க துப்பாக்கியைப் பிடுங்கறோம்ங்குது. இன்னொரு கூட்டம், ஏன் பிடுங்கலைங்குது. ரெண்டும் எங்க வேலை இல்ல. நாங்க பேர் வைக்கறவங்க. போன கோடையில பக்கத்து ஊர்ல ஒருத்தன் மச்சானையும் இன்னும் ரெண்டு பேரையும் சுட்டுட்டான். தெரிஞ்ச குடும்பம். எனக்குச் சாப்பாடு இறங்கலை. துப்பாக்கி இங்க வந்துச்சு, அளந்தோம். இருபத்தாறரை."

மேசைமேல் இருந்த அளவுகோலைத் தடவிக்கொடுத்தார்.

"எல்லாம் முறைப்படிதான் இருந்துச்சு. அந்த நிம்மதிய உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அன்னிக்கு ஆபீஸ்ல கேக் வெட்டினோம்."

வெஸ் தட்டிலிருந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேண்டி அழுத்திய இடத்தில் ஒரு பள்ளம்.

"உங்க விஷயத்துக்கு வர்றேன். துப்பாக்கி ஷாட்கன் இல்ல, கைத்துப்பாக்கி இல்ல, ரைஃபிள் இல்ல. 'மற்றவை'. உறை மாட்டியிருந்தப்போ தோளைத் தொடலைன்னு பொம்மை நிரூபிச்சுது. ஆகையால் உங்க மனைவி குற்றம் செய்யலை. வாழ்த்துகள். துப்பாக்கிய எடுத்துக்கலாம்."

"உறை?"

"உறை தோள்கட்டை."

"தோளைத் தொடலைன்னீங்களே."

"மாட்டியிருந்தப்போ தொடலை. அதனால அப்போ அது அலங்காரம். கழட்டிட்டோம் பாருங்க, இனிமே யாரு எந்த நோக்கத்தோட எதுல மாட்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? கழட்டின நிமிஷத்துலேருந்து அது கட்டை."

"நீங்கதானே கழட்டினீங்க."

"அதனாலதான் அது எங்க பொறுப்புல இருக்கு. விதிப்படி மூணு இடத்துல தீயால அறுத்து அழிச்சிடுவோம். சாம்பல் தர முடியாது. சாம்பலுக்கு இன்னும் வகை முடிவாகலை."

வெஸ் முன்னால் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"துப்பாக்கிய நீங்க வெச்சுக்குங்க," என்றான். "உறைய குடுங்க. துப்பாக்கிய மூணு இடத்துல இல்ல, முப்பது இடத்துல அறுங்க."

இயக்குநர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "மிஸ்டர் டாக்கெட், அது சட்டப்படி உங்க ஆயுதம். ஒரு குடிமகனோட சட்டப்படியான ஆயுதத்தை அரசாங்கம் வாங்கிக்கறதா? இந்த நாட்டுல அரசியல் சாசனம்னு ஒண்ணு இருக்கு." நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கம்பளியைப் பத்தி அதுல எதுவும் இல்ல."

கேண்டி உறையை எடுத்துப்போகத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். கீழே கிரேவி சட்டையோடு உடம்பை உதறியது.

வெஸ் முந்திக்கொண்டான். உறையைத் தட்டிலிருந்து எடுத்து, உள்ளே இருந்த சோபாப் பஞ்சைப் பிதுக்கி மேசைமேல் போட்டுவிட்டு, இடது கையை உள்ளே விட்டான். விரல்களைக் குவித்தான். மணிக்கட்டு வரை ஏறியது. அவனுக்கென்றே பின்னியதுபோல இல்லை. கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் ஏறியது.

"இப்ப?" என்றான்.

இயக்குநர் கேண்டியைப் பார்த்தார். கேண்டி மிஸ் ஸ்டிக்லியைக் கூப்பிடப் போனார். மிஸ் ஸ்டிக்லி வந்து கையைச் சுற்றி வந்து பார்த்தார். தடித்த புத்தகம் வந்தது. நாய் பற்றிய உத்தரவு ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது என்று மிஸ் ஸ்டிக்லி நினைவுபடுத்தினார். ஒரே நாளில் ஒரே அலுவலகம் ஒரே கம்பளிக்கு இரண்டு தீர்ப்பு சொன்னால் அலுவலகத்தின் கதி என்ன என்று இயக்குநர் கேட்டார்.

"போட்டிருக்கும் வரை கையுறை," என்றார் இயக்குநர் கடைசியில், களைத்துப்போய். "கழட்டினா தோள்கட்டை. கழட்டக் கூடாது. குளிக்கும்போதும்."

"தூங்கும்போது?"

"எப்பவும். தளர்வு உத்தரவு வர்ற வரைக்கும்."

"அது எப்ப வரும்?"

"அந்த ரொட்டித் துண்டுக்கு அப்புறம்," என்றார் இயக்குநர்.

வாசலில் காவலாளி தடுத்தார். பெட்டியைக் காட்டினார். "வகைப்படுத்தியாச்சா சார்?"

"ஆச்சு."

"அப்ப இது துப்பாக்கி. கட்டடத்துக்குள்ள அனுமதி இல்ல."

"வெளியதான் கொண்டு போறேன்."

"வெளிய போகணும்னா உள்ள நடக்கணும் இல்லியா?"

வழியனுப்ப வந்த கேண்டி கீழ்த்தளச் சன்னலைத் திறந்து பெட்டியை வெளியே புல்லில் வைத்தார். வெஸ் கதவு வழியாகப் போய் எடுத்துக்கொண்டான். காவலாளி அவன் கையைக் கவனித்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"ஒண்ணுமில்ல. சட்டம்."

*

ஊருக்கு வந்ததும் நேராக லோனி கடைக்குப் போய்த் துப்பாக்கியை வைத்தான். லோனி உத்தரவை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை ஹேஸ்கலுக்காக உரக்கப் படித்தார். ஹேஸ்கல் சிரித்து, காப்பி புரையேறி, யாரோ முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அந்த மாதத்திலேயே துப்பாக்கி விலை போனது. நதியோரம் தனியாக இருக்கும் ஓர் ஆசிரியை வாங்கினாள். அவளுடைய புல்வெட்டி களவு போயிருந்தது.

ஜூலை வந்தது. பெல் ஃபோர்க்கில் தார் உருகும் வெயில். வெஸ் மின்நிலையத்தில் கம்பளிக் கையோடு வேலை செய்தான். மேலாளர் கேட்டதற்கு உத்தரவின் நகலைக் காட்டினான். அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் மேலாளர் மேற்கொண்டு கேட்கவில்லை. கை முழுக்க வேர்க்குரு. மஞ்சள் அழுக்காகிப் பழுப்பானது. நீலம் நீலமாகவே இருந்தது. தூங்கும்போது அந்தக் கையைத் தலைமாட்டில் பக்கத்துத் தலையணைமேல் வைத்துக்கொள்வான். அப்போது முழங்கால் ஆடுவதில்லை.

கிரேவிக்குச் சட்டையோடுதான் குளியல். அதற்கு அது பழகிவிட்டது.

ஒரு நாள் எதுவும் வாங்காமல் சும்மா லோனி கடைக்குள் வந்தான். குளிர்சாதனத்துக்கு அடியில் போய் நின்றான். ஹேஸ்கல் வரவில்லை. லோனி பனிக்கட்டி போட்ட இனிப்புத் தேநீரை ஊற்றிக் கொடுத்தார். அவன் வலது கையால் வாங்கினான்.

"ஒண்ணு சொல்லட்டா, தம்பி?" என்றார் லோனி. "நானும் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். துப்பாக்கியும் கட்டையும் ஒரே வீட்டுல இருந்தாத்தானே குத்தம்?"

"ஆமா."

"துப்பாக்கிதான் போயாச்சே. உன் வீட்டுல வேற துப்பாக்கியும் இல்ல. அத நீ எப்பவோ கழட்டியிருக்கலாம். நாய்க்கும்தான்."

வெஸ் தேநீரைக் குடித்தான். பனிக்கட்டி பல்லில் பட்டது.

"தெரியும்," என்றான்.

"எப்போலேருந்து?"

"புல்லுலேருந்து பெட்டிய எடுத்தப்பவே."

லோனி அவன் இடது கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அதானே," என்றார் துடைத்துக்கொண்டே. "ஆபீஸ் உத்தரவு வரணும்ல. நாமளா எப்படிக் கழட்டறது?"

"வரணும்," என்றான் வெஸ்.

லோனி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வெஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உட்கார்ந்தான்.